ஃபனல் புகையை அளக்கும் பெட்டியோடு சில வருடங்கள்

ஸ்க்ரப்பர், அதாவது புகையைக் கடல்நீரால் கழுவிக் கந்தகத்தை எடுக்கும் அமைப்பு, பொருத்திய கப்பலுக்கு செகண்ட் இன்ஜினியராகப் போகிறவர்கள் ஸ்க்ரப்பரைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். பம்ப் எப்படி இருக்கிறது, குழாய் அரித்திருக்கிறதா, டவரில் கசிவு உண்டா என்று. ஃபனலுக்குள், அதாவது புகைபோக்கிக்குள், புகையை அளந்துகொண்டிருக்கும் கேஸ் அனலைசரைப் பற்றிக் கேட்பவர் குறைவு. துறைமுகத்தில் ஏறி வரும் ஆய்வாளரோ நேராக அதன் பதிவைத்தான் கேட்பார். ஒரே வகை அனலைசரோடு அடுத்தடுத்த ஒப்பந்தங்களில் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அது எதில் நம்பத்தக்கது, எதில் ஏமாற்றும் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2020 ஜனவரி 1 முதல் உலகமெங்கும் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதற்கு முன் 3.50 வரை அனுமதி இருந்தது. வட கடல், பால்டிக், வட அமெரிக்கக் கரையோரம் போன்ற கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 2015 முதலே 0.10தான், 2025 மே முதல் மத்திய தரைக்கடலும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஸ்க்ரப்பர் உள்ள கப்பல் மட்டும் பழைய மலிவான எண்ணெயையே எரிக்கலாம். வெளியே போகும் புகை நல்ல எண்ணெயின் புகைக்குச் சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 3.5 சதவீதக் கந்தகம் உள்ள எண்ணெயை ஒரு டன் எரித்தால் ஏறக்குறைய 70 கிலோ கந்தக டை ஆக்சைடு வரும். ஒரு நாளைக்கு 40 டன் எரிக்கும் கப்பலுக்கு அது 2.8 டன். அதைக் கடல்நீர் கழுவி எடுத்துவிட்டது என்பதற்குச் சாட்சி இந்தப் பெட்டி ஒன்றுதான்.

அளக்கும் முறை எனக்குப் பிடித்தமானது. புகையில் கந்தக டை ஆக்சைடு எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு), கார்பன் டை ஆக்சைடு எத்தனை சதவீதம் என்று பார்த்து, முதலாவதை இரண்டாவதால் வகுக்கிறார்கள். விடை 21.7க்குள் இருந்தால் 0.50 சதவீத எண்ணெய்க்குச் சமம், 4.3க்குள் இருந்தால் 0.10க்குச் சமம். கந்தகம், கரி இரண்டுமே எண்ணெயிலிருந்து வருபவை. டர்போசார்ஜர் எவ்வளவு காற்றை அள்ளிக் கொட்டினாலும் இரண்டும் ஒரே அளவில் நீர்த்துப்போவதால் விகிதம் மாறாது. புகை எத்தனை கனமீட்டர் போகிறது, இன்ஜின் எத்தனை கிலோவாட் கொடுக்கிறது என்ற கணக்கெல்லாம் தேவையில்லை. தினசரி ஓட்டத்தில் அளப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தலைவலி அனலைசரில் இல்லை, அதற்குப் புகையைக் கொண்டுவரும் குழாயில் இருந்தது. ஸ்க்ரப்பரைத் தாண்டிய புகை ஈரம் சொட்டச் சொட்ட வரும். அதை வடிகட்டி, சுமார் 180 டிகிரியில் சூடாக்கிய குழாய் வழியாக அனலைசர் வரை இழுக்க வேண்டும். ஃபனலின் அதிர்விலும் உப்புக் காற்றிலும் அந்தக் குழாயின் சூடேற்றும் கம்பி எங்காவது ஓரிடத்தில் செத்துவிடும். அந்த இடத்தில் நீராவி தண்ணீராகும். கந்தக டை ஆக்சைடு அந்தத் தண்ணீரில் கரைந்து தங்கிவிடும். திரையில் விகிதம் குறையும். பழுதாகும் கருவி அலாரம் அடிப்பதற்குப் பதிலாக "கப்பல் மிகச் சுத்தம்" என்று சான்றிதழ் கொடுக்கிறது. காரணமே இல்லாமல் விகிதம் 4லிருந்து 1க்கு இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். ஃபனலுக்கு ஏறிப்போய்க் குழாயைக் கையுறையோடு தடவிப் பாருங்கள். இணைப்பு முனைகளுக்கு அருகில்தான் குளிர்ந்த இடம் பெரும்பாலும் அகப்படும்.

குழாயில் வெளிக்காற்று கசிந்தால் வேறு கதை. விகிதம் அப்படியே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. அதனால்தான் நான் கார்பன் டை ஆக்சைடைத் தனியாகப் பார்க்கச் சொல்வேன். எங்கள் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கடலில் நிலையாக ஓடும்போது அது நான்கு, ஐந்து சதவீதத்தில் நிற்கும். திடீரென்று இரண்டு என்று காட்டினால் இன்ஜினில் ஒன்றும் ஆகவில்லை, குழாயில்தான் ஓட்டை. வாட்ச் (பணி முறை) மாற்றும்போது விகிதத்தோடு இந்த எண்ணையும் எழுதிவைக்கும் பழக்கத்தை எங்கள் கப்பலில் கொண்டுவந்தோம். கையேட்டில் இது கிடையாது.

இன்னொரு சோதனையையும் சொல்கிறேன், செலவில்லாதது. சிங்கப்பூர் துறைமுக எல்லைக்குள் ஸ்க்ரப்பரின் கழிவுநீரைக் கடலில் விட 2020 முதல் தடை. அங்கே நுழையும் முன் ஸ்க்ரப்பரை நிறுத்திவிட்டுத் தரமான எண்ணெய்க்கு மாறுவோம். எங்களுடையது பைபாஸ் இல்லாத டவர். தண்ணீர் நின்றாலும் புகை அதே வழியில்தான் போகும். அந்த நேரத்தில் அனலைசரை அணைக்காதீர்கள். எண்ணெய் ஏற்றும்போது தரும் பங்கர் ரசீதில் கந்தகம் 0.08 சதவீதம் என்றிருந்தால், எண்ணெய் முழுதாக மாறி, டவரும் காய்ந்த பிறகு, விகிதம் 3.5ஐ ஒட்டி வர வேண்டும். வந்தால் கருவி சரி. ஒன்றரை காட்டினால் மறுபடியும் குழாயைச் சந்தேகப்படுங்கள்.

அனலைசர் சரியாகக் காட்டுகிறதா என்று ஒப்பிட்டுத் திருத்த உதவும் அளவுத்திருத்த வாயு சிலிண்டர்கள் தனிப் புராணம். அவற்றுக்குக் காலாவதித் தேதி உண்டு. அபாயகரமான சரக்கு என்பதால் எந்தத் துறைமுகத்திலும் நினைத்தவுடன் கிடைக்காது. காலாவதியான சிலிண்டரைக் கொண்டு செய்த அளவுத்திருத்தத்தை ஆய்வாளர் ஒப்புக்கொள்வதும் இல்லை. அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதுவதும், நினைவூட்டுவதும், மறுபடி நினைவூட்டுவதும் இந்தக் கருவியின் பராமரிப்பில் ஒரு பகுதி.

பதிவு செய்யும் இடைவெளியை விதி 0.0035 ஹெர்ட்ஸ் என்கிறது. ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு முறை என்று எழுதியிருக்கலாம். இன்ஜின் ரூமில் யாரும் ஹெர்ட்ஸில் மணி பார்ப்பதில்லை. தரவு 18 மாதம் கப்பலில் இருக்க வேண்டும். இன்ஜினை நிறுத்தும்போதும் கிளப்பும்போதும் கார்பன் டை ஆக்சைடு பூஜ்யத்தை நெருங்கும்; அதனால் வகுத்தால் விகிதம் வானத்துக்குத் தாவும். பதிவில் அது மீறல் போலத் தெரியும். அந்தந்த நேரத்தில் இன்ஜின் என்ன செய்துகொண்டிருந்தது என்று லாக்கில் ஒரு வரி எழுதிவைத்தால் ஆய்வு பத்து நிமிடத்தில் முடியும். எழுதாவிட்டால் மாலை வரை நீளும்.

கழிவுநீர் பக்கத்து சென்சார்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிஎச் சென்சார் ஒழுங்காக வேலை செய்யும். கலங்கல் மீட்டர் காற்றுக் குமிழியைக் கண்டாலே அழுக்கு என்று அலறும்.

கப்பலுக்கு வெளியிலும் நம்மை அளக்கிறார்கள். எல்பே ஆற்றில் ஹாம்பர்க் போகும் கப்பல்களை வேடலில் உள்ள நிலையம் மோப்பம் பிடிக்கிறது. டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்திலும் மூக்கு உண்டு. பெல்ஜியம் விமானத்தையே அனுப்பிப் புகைக்குள் பறக்க வைக்கிறது. அவர்களும் பார்ப்பது இதே விகிதத்தைத்தான். அதை வைத்து நேரடியாக அபராதம் போடுவதில்லை, எந்தக் கப்பலில் ஏறிச் சோதிப்பது என்று தேர்ந்தெடுக்கிறார்கள். நம் பெட்டி 1 என்று சொல்லும்போது கரையில் இருப்பவன் 8 என்று சொன்னால், யார் சொல்வது எடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

என் பெரிய மனக்குறை, இந்தப் பெட்டி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது என்பது. நைட்ரஜன் ஆக்சைடை எங்கள் கப்பலில் யாரும் அளப்பதில்லை. தொழிற்சாலையில் இன்ஜினை 25, 50, 75, 100 சதவீதச் சுமையில் ஓட்டிப் பார்த்துக் கொடுத்த சான்றிதழ் இருக்கிறது. பிறகு பாகங்களின் எண்களும் அமைப்புகளும் கோப்போடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதோடு சரி. ஆற்றில் ஊர்ந்து போகும்போது சுமை 25க்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஊர் பக்கத்தில் இருப்பதும் அப்போதுதான். அந்த நேரத்துப் புகைக்கு எந்த எண்ணும் கிடையாது. கரும்புகையை அளக்க எங்களிடம் இருந்தது பிரிட்ஜிலிருந்து (கப்பலை இயக்கும் மேல்தள அறை) வரும் தொலைபேசி அழைப்பு மட்டுமே.

இருந்தாலும் கந்தகத்தைப் பொறுத்தவரை இதை நம்பலாம் என்பேன், குழாயைக் கவனிக்க ஒரு ஆள் இருந்தால். புதிதாகப் பொறுப்பேற்கிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் சிலிண்டர்களின் தேதி, குழாயின் ஒவ்வொரு பகுதியின் வெப்பநிலை, கடைசி அளவுத்திருத்தத்தின் பதிவு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். சாம்பிள் பம்புக்கு மாற்று டயாஃப்ரம் ஸ்டோரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே ரெக்விசிஷன் போட்டுவிடுங்கள்.