கொடைக்கானல் ஏரிக்கரை வேஷப் படக்கடை: கொள்ளையர் செட் எப்படி?

பெயர்பெற்ற கொள்ளையர்களின் வேஷம் போட்டுப் படம் எடுத்துத் தரும் சின்னக் கடை. மூன்று செட். நம்பிப் பணம் கொடுக்கலாம் என்றால் ஆஸ்திரேலியக் கொள்ளையர் நெட் கெல்லியின் இரும்புக் கவசத்துக்கு மட்டும்தான்.

அசல் கவசம் கலப்பைத் தகடுகளை வளைத்து அடித்தது. எடை சுமார் 44 கிலோ. இங்கே தகரம், நாலு கிலோ தாண்டாது. ஆனால் கண்ணுக்கான நீளக் கீறலும் தொடைக்கு முன்னால் தொங்கும் தகடும் சரியாக இருக்கின்றன. காலுக்குக் கவசம் கிடையாது. 1880 ஜூன் 28-ல் ஆஸ்திரேலியாவின் கிளென்ரோவன் ஊரில் போலீஸ் காலில் சுட்டுத்தான் அவரை வீழ்த்தியது. அதனால் முழு உருவமாக எடுக்கச் சொல்லுங்கள், இடுப்போடு வெட்டினால் விஷயமே போச்சு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். உள்ளே மூச்சுக்காற்றில் ஆவி படிந்துவிடும்.

வீரப்பன் மீசைதான் சொதப்பல். பனியில் மேலுதடு ஈரமாக இருக்கும்போதே ஒட்டுகிறார்கள், ஐந்து நிமிடத்தில் ஒரு முனை தொங்குகிறது. உலர்ந்த துணியால் துடைத்து, ஸ்பிரிட் கம் (ஒப்பனைப் பசை) தடவி, அரை நிமிடம் பிசுபிசுப்பு ஏறவிட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தினால் நிற்கும். போர்டில் ‘கடைசி நாள் தோற்றம்’ என்று வேறு எழுதியிருக்கிறார்கள். 2004 அக்டோபர் 18-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது அந்தப் பெரிய மீசையே இல்லை, கத்தரித்திருந்தார்.

ராபின் ஹூட்? பச்சைச் சட்டை, பிளாஸ்டிக் வில். குழந்தைகளுக்குச் சரி.