தாடி ஓணான் கூண்டுக்கு மணலா, டைல்ஸா?

பியர்டட் டிராகன் என்கிற தாடி ஓணான் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்தது. அதனால் கூண்டில் மணல் கொட்டினால் சொந்த ஊர் போல இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அங்கே பல இடங்களில் நிலம் இறுகிக் கிடக்கும். பையில் வாங்கும் உதிரி மணல் வேறு.

மணலில் பெரிய பயம் குடல் அடைப்புதான். பூச்சியைக் கவ்வும்போது நாக்கில் மணலும் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். குட்டிகளுக்கு ஆபத்து அதிகம். சூடு போதாமல் செரிமானம் மந்தமானால், உடம்பில் நீர் குறைந்தால், வளர்ந்ததற்கும் அதே கதி. செரித்துவிடும் என்று சொல்லி விற்கும் கால்சியம் மணலையும் நம்பாதீர்கள். ஈரம் பட்டால் கட்டியாகும். எச்சத்தை அள்ளினாலும் ஈரம் அடியில் தங்கிவிடும்.

டைல்ஸை ஈரத்துணியால் துடைத்து, கிருமிநாசினி போட்டுக் கழுவிக் காயவைத்தால் போதும். ஊர்வன, மனிதருக்கு நோய் தரும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை, அதனால் இந்த வசதி நமக்கும் முக்கியம். சமையலறைத் தொட்டியில் மட்டும் கழுவ வேண்டாம். சொரசொரப்பான ஸ்லேட் கல் டைல்ஸ் வாங்குங்கள், பளபளப்பானது வழுக்கும். நகமும் கொஞ்சம் தேயும். கூண்டில் சூட்டுக்காக வைக்கும் விளக்கின் கீழ் டைல்ஸ் நன்றாகச் சூடேறும். அந்த இடம் சுமார் 38 முதல் 42 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

சரி, தோண்டும் ஆசை? டைல்ஸில் அது நடக்காது, இது உண்மையான குறை. ஆரோக்கியமான, வளர்ந்த ஓணானுக்கு ஒரு மூலையில் மண்ணும் மணலும் கலந்து, நனைத்து இறுக்கிக் காயவைத்த பெட்டி வைக்கலாம். குட்டிக்கு டிஷ்யூ பேப்பரே போதும்.