பள்ளியோடு சேர்த்து டேஃப் தொழிற்கல்லூரியில் ஒரு பிற்பகல்: என் மகனின் இரண்டு ஆண்டுகள்

சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் வசிக்கிறோம். பதினோராம் வகுப்பில் மின்தொழில்நுட்பத்தை ஒரு பாடமாக எடுக்கப்போவதாக மகன் 2021இல் சொன்னபோது, நானும் மனைவியும் அவனுடன் சில நாள்கள் சரியாக முகம்கொடுத்துப் பேசவில்லை. படிப்பு ஏறாத பிள்ளைகளுக்குத்தான் கைத்தொழில் என்ற எண்ணம் ஊரிலிருந்தே எங்களுடன் வந்திருந்தது.

எங்கள் மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் இது, பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் பெறும் எச்.எஸ்.சி. சான்றிதழுக்கான பாடங்களுள் ஒன்றாகவே கணக்கிடப்படுகிறது. இரண்டு ஆண்டுகளில் 240 மணிநேரப் பாடநெறி. குறைந்தது 70 மணிநேரம் வேலையிடப் பயிற்சியும் கட்டாயம். புதன்கிழமை மதியத்தில் இரும்பு முனை வைத்த சப்பாத்துகளைப் பையில் திணித்துக்கொண்டு டேஃபுக்குப் போனால், வீடு திரும்ப இருட்டிவிடும்.

அங்கே செய்முறைகளுக்கு மதிப்பெண் இல்லை. தகுதி பெற்றாயிற்று, அல்லது இன்னும் இல்லை, அவ்வளவுதான். தொடக்கத்தில் எனக்கு இது பெரிய குறையாகவே பட்டது. ஓர் இரவு, கம்பியின் உறையை உரிக்கும்போது உள்ளிருந்த செம்பில் சிறு கீறல் விழுந்ததற்காகத் திருப்பி அனுப்பப்பட்டவன், சாப்பாட்டு மேசையில் துண்டுக் கம்பிகளைக் குவித்து வைத்து, கீறலின்றி வரும்வரை உரித்துக்கொண்டிருந்தான். கணிதத்தில் எழுபது வாங்கினால், தவறிய முப்பதை அவன் மறுபடி தொட்டதே இல்லை.

ஒருமுறை பழுதான சுவிட்சை நானே மாற்றப் போனபோது, "அப்பா, கை வைக்காதேங்கோ, லைசென்ஸ் இல்லாமல் இதைக் கழற்றுறது சட்டப்படி பிழை" என்று தடுத்தான். மின்சாரம் நின்றதா என்று பார்க்கும் கருவியையே முதலில் மின்னோட்டம் உள்ள இடத்தில் சோதித்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்து, மீண்டும் பழைய இடத்தில் சரிபார்க்க வேண்டும் என்று பதினாறு வயதுப் பிள்ளை விளக்கியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கசப்பும் இருந்தது. புதன்கிழமை தவறிய இரண்டு கணித வகுப்புகளுக்குப் பள்ளி எந்த மாற்று ஏற்பாடும் செய்யவில்லை. சனிக்கிழமை டியூஷனில் ஈடுகட்டியும் அவனது கணிதம் சரிந்தது. மின்தொழில்நுட்பப் பாடம் பல்கலைக்கழக நுழைவுக்கான ஏ.டி.ஏ.ஆர். தரவரிசைக் கணக்கில் சேர, விருப்பத்துக்கு விடப்பட்ட எழுத்துத் தேர்வையும் எழுத வேண்டும் என்பதைக் காலம் கடந்தே அறிந்தோம். 2023இல் அவன் எழுதியபோது இத்தகைய பாடங்களில் இரண்டு அலகுகளுக்கு மேல், அதாவது பொதுவாக ஒரு பாடத்துக்கு மேல், அக்கணக்கில் சேராது என்ற வரம்பு இருந்தது. 2025 முதல் அந்த வரம்பு நீக்கப்பட்டுள்ளது.

வேலையிடப் பயிற்சியின் முதல் வாரம் பெரும்பாலும் கூட்டிப் பெருக்கியதிலேயே கழிந்தது. இரண்டாம் வாரம் அவனது வேலையைக் கவனித்த ஒரு மின்பணியாளர்தான் பின்னர் அவனைத் தொழில் பயில்பவனாகச் சேர்த்துக்கொண்டார். இளையவள் இப்போது விருந்தோம்பல் பாடத்தைக் கேட்கிறாள். இம்முறை பள்ளியில் நாங்கள் முதலில் கேட்டது, அந்தப் பிற்பகலில் எந்தெந்த வகுப்புகள் தவறும், அவற்றை யார் திரும்ப நடத்துவார் என்பதையே.