நீலக் கட்டியும் ஏழாம் நம்பரும்

நல்லூர்த் திருவிழாவுக்கு இம்முறை லண்டனிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு, ஊருக்குப் போய் வந்ததில் தேரும் தீர்த்தமும் கீரிமலைக் குளிப்பும் எப்போதும் போல நிறைவாகவே நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வைத்தது மகளின் வாயில் வந்த ஒரு சிறு கட்டியும், அதைக் காட்டுவதற்காக முன்பதிவு செய்து, காசு கொடுத்து விசேட வைத்தியரைப் பார்க்கும் ஒரு தனியார் சனலிங் நிலையத்தில் நாங்கள் இழந்த ஒரு மாலைப் பொழுதும்தான்.

மகளுக்கு 6 வயது. இடப்பக்கக் கீழ்த் தாடையில், கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால், முரசு (ஈறு) நாவற்பழ நிறத்தில் உப்பியிருந்ததைப் பல் விளக்கிவிடும்போது அம்மம்மாதான் கண்டார். காய்ச்சல் இல்லை, சாப்பாடு குறையவில்லை, ஆனால் அந்தப் பக்கத்தால் கடிக்க மாட்டேன் என்றாள். முதல்நாள் பெரியப்பா உடைத்துக் கொடுத்த புழுக்கொடியலை (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கை) அவள் நெடுநேரம் சப்பிக்கொண்டிருந்தது உடனே குற்றமாகப் பதியப்பட்டது. மாமி உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தார். அயலவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "உது கான்சரோ என்னவோ, சுணங்காமல் காட்டுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டில் போக, அன்றிரவு வீட்டில் பிள்ளையைத் தவிர வேறு எவரும் நித்திரை கொள்ளவில்லை.

லண்டனில் 18 வயதுக்கு உட்பட்டோருக்கு அரசாங்கப் பல் வைத்தியம் இலவசம்தான். ஆனால் புதிதாக ஆட்களைச் சேர்த்துக்கொள்ளும் பல் வைத்தியர் ஒருவரைக் கண்டுபிடிப்பதற்குள் பிள்ளைக்குப் பாற்பல் விழுந்து மறுபல்லும் முளைத்துவிடும். ஊரில் காசு கொடுத்தால் அன்றைக்கே விசேட வைத்தியரைப் பார்க்கலாம் என்பது வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கதை. அந்த நம்பிக்கையில் தொலைபேசியில் நம்பர் போட்டோம். ஏழாம் நம்பர் கிடைத்தது. நாலரை மணிக்கு வரச் சொன்னார்கள்.

சிறு வயதில் எங்களைக் கூட்டிக்கொண்டு போன டொக்டர் வீட்டு விறாந்தையில் ஒரு நீண்ட வாங்கு மட்டுமே இருந்தது. வெறும் போத்தலோடு போய் அதன் ஓரத்தில் குந்தி, முன்னால் இருப்பவர் எழும்ப எழும்ப நகர்ந்து, மருந்துத் தண்ணீரோடு திரும்புவோம். யாருக்குப் பின்னால் யார் என்பதில் அங்கே ஒருநாளும் சண்டை வந்ததில்லை. இப்போது குளிரூட்டி இருக்கிறது, பளிங்குத் தரை இருக்கிறது, சுவரில் சிவப்பு இலக்கம் ஒளிரும் பெட்டியும் இருக்கிறது. நாங்கள் அங்கிருந்த நேரம் முழுவதும் அந்தப் பெட்டி 3 என்றே காட்டிக்கொண்டு நின்றது. அரசாங்க வைத்தியசாலைக் கடமையை முடித்துக்கொண்டு வைத்தியர் ஏழு மணிக்குப் பிறகே வந்து சேர்ந்தார் என்பதில் எனக்குக் குறையில்லை, அவரும் மனிதர்தான். ஆனால் அவர் வந்த பிறகு, கையில் கோப்போடு வந்த ஒருவர், "ஒரு சொல்லுத்தான் கேக்கவேணும்" என்று நுழைந்த இன்னொருவர், யாருக்கோ தெரிந்தவர்கள் என்று ஒரு குடும்பம் என எல்லோரும் உள்ளே போய்வர, மகள் என் மடியில் தூங்கியே விட்டாள். முன்மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டபோது அவர் சிறிதும் சலிக்காமல் விளக்கினார்: "அண்ணை, உங்கடை ஏழு போனிலை போட்ட ஏழு. இப்ப போறது நேரிலை வந்து துண்டெடுத்த ஏழு." இரண்டு ஏழுகளுள் எது முந்தியது என்று கேட்டேன். அதை டொக்டர்தான் தீர்மானிப்பார் என்றார்.

ஒருவழியாக உள்ளே போனபோது, வைத்தியர் மேசைக்கு அப்பால் இருந்தபடியே வாயைத் திறக்கச் சொல்லி, கைபேசி வெளிச்சத்தில் பார்த்தார். கட்டியில் விரல் வைக்கவில்லை. மறுபக்கத்தைப் பார்க்கவும் இல்லை. "வளர்த்தி ஒண்டு இருக்கு. முழுத் தாடை எக்ஸ்றே எடுங்கோ. தேவையெண்டால் கொழும்பிலை மயக்கி வெட்டலாம்" என்று சொல்லி, அன்ரிபயோட்டிக்கும் பனடோல் பாணியும் எழுதித் துண்டை நீட்டினார். எது வளர்கிறது, ஏன் வளர்கிறது என்று கேட்க வாயெடுப்பதற்குள் கோப்புக்காரர் மீண்டும் கதவைத் திறந்துவிட்டார். எக்ஸ்றேக்கு அன்றிரவே முற்பணம் வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பகுதி மட்டும் மிக ஒழுங்காக இயங்கியது.

மறுநாள் காலை, மருந்தைத் தொடங்க முன்னர், ஒன்றுவிட்ட அக்காவின் வற்புறுத்தலால் அருகிலுள்ள அரசாங்கப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்துக்குப் போனோம். 3 முதல் 13 வயது வரையான பிள்ளைகளைப் பார்ப்பதற்கென மகரகமவில் பயிற்சி பெற்ற பற்சிகிச்சையாளர்கள் இங்கே இருப்பார்கள்; 1950களில் நியூசிலாந்து முறையைப் பின்பற்றித் தொடங்கிய சேவை இது. பழைய இரும்புக் கதிரை, பச்சைத் திரைச்சீலை, சவர்க்கார வாசம் எல்லாம் நான் படித்த காலத்தில் இருந்தபடியே இருந்தன. கடவுச்சீட்டை எவரும் கேட்கவில்லை. பெயரையும் வயதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

எங்களுக்கு முன்னால் இருந்த பையனுக்குச் சூத்தை விழுந்த கடைவாய்ப் பாற்பல்லுக்கு மேலே முரசில் ஒரு பரு இருந்தது. அது வளர்த்தியல்ல, செத்த பல்லின் சீழ் வெளியேறும் வாசல், பல்லைப் பார்க்காமல் பருவுக்கு மருந்து போட்டுப் பயனில்லை என்று தாயிடம் அந்தப் பற்சிகிச்சையாளர் சொல்லிக்கொண்டிருந்தார். மூத்த பிள்ளையோடு வந்த இன்னொரு தாய், கைக்குழந்தையின் முரசில் இருந்த வெள்ளை மணிகளைக் காட்டினார். வீட்டில் ஊசியால் குத்திவிடச் சொல்கிறார்களாம். பல் உருவாகும்போது எஞ்சிய இழையத்தில் வரும் அவை சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் தாமாகவே மறைந்துவிடும் என்றும், குத்தினால் உள்ளே கிருமி புகுந்துவிடும் என்றும் சற்றுக் கண்டிப்பாகவே சொன்னார்.

மகளின் முறை வந்தது. "பிள்ளை, ஆ காட்டுங்கோ" என்று சொல்லிக் கையுறை விரலால் கட்டியை மெதுவாக அழுத்திப் பார்த்துவிட்டு, சிறு கண்ணாடியை வலப்பக்கத்துக்குக் கொண்டுபோய் அம்மம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அங்கே, அதே இடத்தில், புதிய கடைவாய்ப் பல்லின் வெள்ளை முனை முரசைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. "இந்தப் பக்கம் வந்திட்டுது, அந்தப் பக்கம் வரப்போகுது. அவ்வளவுதான் அம்மா."

எந்தப் பாற்பல்லும் விழாமல், 20 பாற்பற்களுக்கும் பின்னால் 6 வயதளவில் முளைப்பதே முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல். முளைக்கும் பல்லின் முடிக்கும் அதைப் போர்த்திருக்கும் உறைக்கும் இடையில் நீர் தேங்கினால் முரசு இப்படி உப்பும்; கடிபட்டு இரத்தம் கலந்தால் நீலமாகத் தெரியும். ஆகவே புழுக்கொடியலுக்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும் என்றார். பெரியப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை. பல் மேலே வரும்போது பெரும்பாலும் கட்டி தானாக உடைந்து வற்றிவிடும். நோ கூடினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ, சில வாரங்களாகியும் பல் தலைகாட்டாவிட்டாலோ மேல்தோலைச் சிறிது கீறிவிடுவார்கள். கிருமித் தொற்று இல்லாத இடத்தில் அன்ரிபயோட்டிக்குக்கு வேலையில்லை. அதற்காக முரசில் வரும் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றும் அவர் சொல்லவில்லை: தொட்டதும் இரத்தம் கசியும் சிவந்த தடிப்பு பல்லழுக்கினாலும் உராய்வினாலும் வரலாம், அதைச் சிலவேளை அகற்றித்தான் ஆகவேண்டும், கல் போல் இறுகி வளர்வதையோ பற்களை இடம் தள்ளுவதையோ பல் வைத்தியரிடம் காட்டியே தீரவேண்டும்.

இவ்வளவையும் சொல்ல அவருக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. காசும் வாங்கவில்லை. நாங்கள் விமானம் ஏறுவதற்கு முன்னரே நீலம் வெளுத்து, பல்லின் ஒரு முனை வெளியே வந்துவிட்டது.

எடுக்காத எக்ஸ்றேக்குக் கட்டிய முற்பணத்தைத் திருப்பிக் கேட்கச் சனலிங் நிலையத்துக்குப் போனேன். தருவோம், ஆனால் டொக்டர் துண்டில் கையெழுத்து வைக்கவேண்டும் என்றார்கள். அவர் புதன்கிழமை வருவாராம், அதற்கும் நம்பர் போடவேண்டுமாம். போனிலா நேரிலா என்று கேட்டேன். இரண்டிலும் போட்டு வைப்பது நல்லது என்றார் அதே பெண்.