ஸ்கோபஸா, வெப் ஆஃப் சயின்ஸா, ஓப்பன்அலெக்ஸா?

உயர்கல்வியின் டிஜிட்டல் மாற்றம் குறித்த ஆய்வுகள் எந்தத் திசையில் போகின்றன? வேலூர்ப் பக்கம் பிஎச்.டி. பதிந்த பலருக்கும் இதை வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கை, குறிச்சொற்கள், மேற்கோள்களை வைத்துச் சொல்லும் பிப்ளியோமெட்ரிக் கட்டுரை ஒன்று எழுதிவிட ஆசை. குறிச்சொல்லுக்கு ஒரு வட்டமாக வரைபடம் போட விஓஎஸ்வியூவர் மென்பொருள் இலவசம். அதில் தகராறு இல்லை. கட்டுரை விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் இந்த மூன்று தரவுத்தளங்களில் தரவை எங்கே எடுப்பது என்பதில்தான் கட்டுரையே நிற்கிறது.

என் ஓட்டு ஸ்கோபஸுக்கு. எல்செவியர் பதிப்பகம் 2004இல் தொடங்கியது. இந்தப் பொருளில் கணினித் துறையினர் எழுதுபவை நிறைய மாநாட்டுக் கட்டுரைகளாகத்தான் வருகின்றன. அவையும் இதழ்க் கட்டுரைகளும் ஒரே தேடலில் சிக்கும். 20,000 பதிவுகள் வரை ஒரே சிஎஸ்வி (அட்டவணை) கோப்பாக இறக்கலாம். இறக்கியவுடன் வரைபடம் போட்டுவிடாதீர்கள். ‘இ-லேர்னிங்’ ஆங்கிலத்தில் கோடு போட்டு ஒரு வட்டம், கோடில்லாமல் இன்னொரு வட்டம் என்று வந்து நிற்கும். எந்தச் சொல்லை எதோடு சேர்ப்பது என்று மென்பொருளுக்குச் சொல்லும் தெசாரஸ் கோப்பில் இவற்றை ஒன்றாக்க வேண்டும்; சலிப்பூட்டும் வேலை, ஆனால் வைவாவில் கேள்வி இங்கிருந்துதான் கிளம்பும். இன்னொன்று: 2020க்குப் பிறகு ‘கோவிட்-19’ வட்டம் வீங்கி மற்றதையெல்லாம் மறைத்துவிடும். 2019 வரை ஒன்று, அதன்பின் ஒன்று என இரண்டு வரைபடம் போடுங்கள்.

வெப் ஆஃப் சயின்ஸுக்கு மவுசு அதிகம். எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று காட்ட யூஜின் கார்ஃபீல்டு 1964இல் கொண்டுவந்த மேற்கோள் அட்டவணையின் வாரிசு ஆயிற்றே. ஆனால் மேற்கோள் பட்டியலோடு இறக்க 500, 500 பதிவுகளாகத்தான் முடியும். அதைவிடப் பெரிய சங்கடம், சந்தா துண்டுதுண்டாக விற்கப்படுவது. காட்பாடியில் ஒரு வளாகமும் சேர்க்காட்டில் ஒரு வளாகமும் வெவ்வேறு துண்டுகளை வாங்கியிருந்தால், ஒரே தேடலுக்கு இரண்டு எண்ணிக்கை வரும். போதாததற்கு, ‘கீவேர்ட்ஸ் பிளஸ்’ என்று ஒரு கட்டுரை மேற்கோள் காட்டும் கட்டுரைகளின் தலைப்புகளிலிருந்து கணினியே பொறுக்கிய சொற்களும் தேடலில் சேரும். சம்பந்தமில்லாத கட்டுரைகள் உள்ளே வந்துவிடும்.

குடியாத்தத்திலோ வாணியம்பாடியிலோ பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்பவருக்குச் சந்தாவே எட்டாது என்றால் ஓப்பன்அலெக்ஸ் இருக்கிறது. 2022இல் வந்தது, தரவு முழுக்க இலவசம், மற்ற இரண்டும் சேர்க்காத சிற்றிதழ்களும் கிடைக்கும். குறை என்னவென்றால், அதிலுள்ள குறிச்சொற்கள் ஆசிரியர்கள் கொடுத்தவை அல்ல, இயந்திரம் ஒட்டியவை. ஆண்டுவாரி வளர்ச்சி, நாடுவாரிக் கூட்டாய்வு பார்க்க இது தாராளமாகப் போதும். குறிச்சொல் வரைபடத்துக்கு மட்டும், சந்தா உள்ள நூலகத்தில் ஒருநாள் உட்கார்ந்து ஸ்கோபஸ் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். தேடிய தேதியையும் தேடல் வரியையும் அன்றே குறித்து வையுங்கள்; கைடு ஆறு மாதம் கழித்துக் கேட்பார்.