எடை சரி, காசு போலி: ஒரு கையடக்கத் தராசு

காசு சேர்க்கிறவர்கள் முதலில் வாங்குவது லென்ஸ்தான். நானும் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு ஆறு வருடம் ஓட்டினேன். தராசு வாங்க வைத்தது ஒரு மரியா தெரேசா தாலர், அதாவது ஆஸ்திரிய அரசி ஒருத்தியின் பெயரில் வந்த பெரிய வெள்ளிக் காசு.

இந்தக் காசில் ஒரு வேடிக்கை உண்டு. அரசி இறந்த வருடமான 1780-ஐயே பொறித்து, அப்புறமும் பல நாட்டு நாணயச் சாலைகளில் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அதனால் வருடத்தை வைத்து வயது சொல்ல முடியாது. நான் வாங்கியதில் முகம், எழுத்து, விளிம்பு எதிலும் லென்ஸுக்குக் குறை தெரியவில்லை. காந்தமும் ஒட்டவில்லை. ஆனால் விரல் நுனியில் வைத்துச் சுண்டினால் சத்தம் மொத்தையாக இருந்தது. அந்த உறுத்தலில்தான் 200 கிராம் வரை தாங்கும், 0.01 கிராம் வரை காட்டும் இந்தக் குட்டித் தராசு வந்து சேர்ந்தது.

தாலரின் எடை 28.07 கிராம் இருக்க வேண்டும். திரையில் 28.05. அப்பாடா என்று இருந்தது. சரி, தண்ணீரிலும் பார்த்துவிடலாம் என்று கண்ணாடி டம்ளரை நிரப்பி வைத்தேன். 200 கிராமைத் தாண்டியதால் தராசு பிழை காட்டியது. லேசான பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு மாறினேன். தண்ணீரோடு வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியில் தொடாமல் முழுக்கத் தொங்கவிட வேண்டும். அப்போது காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். 83 சதவீத வெள்ளிக் கலவைக்கு அது 10.2 அளவில் வரும். எனக்கு வந்த எண் 3.15, வகுத்தால் 8.9. செம்பு, நிக்கல் வகையறா. எடையை ஈடுகட்டக் காசைக் கொஞ்சம் தடிமனாக அடித்திருக்கிறான், படுபாவி.

குறைகளும் உண்டு. ஒரு நிமிடம் சும்மா விட்டால் தானாக அணைந்துவிடும், போட்டு வைத்த பூஜ்யமும் போய்விடும். நூலில் முடிச்சுப் போடுவதற்குள் இது எனக்கு மூன்று தடவை நடந்தது. இப்போது முடிச்சுப் போட்ட பிறகுதான் பொத்தானைத் தொடுகிறேன். மின்விசிறி ஓடினால் கடைசி இலக்கம் நிற்கவே நிற்காது. காசில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் அடர்த்தி குறைத்துக் காட்டும்; நூலை லேசாக ஆட்டி உதிர்த்துவிட வேண்டும். இரண்டு கிராம் வெள்ளிக் காசுக்கெல்லாம் இந்தச் சோதனை வேண்டாம். தண்ணீரில் 0.2 அளவில்தான் காட்டும், அதில் 0.02 பிசகினால் பத்தில் ஒரு பங்கு போச்சு. உள்ளே டங்ஸ்டன் என்ற உலோகத்தை வைத்த போலித் தங்கத்தையும் இது பிடிக்காது, இரண்டின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றே.

பெரிய வெள்ளிக் காசுகள் சேர்ப்பவர் தாராளமாக வாங்கலாம். சின்னக் காசுக்காரர்கள் லென்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சரிபார்க்கும் எடைக்கல்லைக் கூடவே தராதது எரிச்சல்தான். ஆனால் அந்தப் போலித் தாலரை நான் தூக்கி எறியவில்லை. தராசை எடுக்கும்போதெல்லாம் முதலில் அதை வைத்து 28.05 வருகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.