வெளிநாட்டு ஆன்லைன் எம்.எஸ்சி. (அடிக்‌ஷன்) சேரப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

மதுரைப் பக்கம் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் ஆறு வருடமாக ஆலோசகராக இருக்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்தவன். இந்தத் துறையிலேயே ஒரு முதுகலைப் பட்டம் வாங்கிவிடலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு ஏஜென்சியின் விளம்பரம் கண்ணில் பட்டது.

போனில் பேசிய பெண் கெட்டிக்காரர். லண்டன் கிங்ஸ் கல்லூரி, அடிலெய்டு, வர்ஜீனியா காமன்வெல்த் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து இப்படியொரு படிப்பை ஆன்லைனில் நடத்தி வந்தது எனக்குத் தெரியும். அதைச் சொன்னதும், "அதே மாதிரிதான் சார் இதுவும், ஃபீஸ் மட்டும் கம்மி" என்றார். முடித்தால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு கிடைக்கும், மருத்துவ உளவியலாளர் என்று போர்டே வைக்கலாம் என்றார். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு செல்லும் என்று ஆர்சிஐ பட்டியலே போட்டு வைத்திருக்கிறது. ஐந்து நிமிட வேலை, செய்யவில்லை. முதல் தவணை 85,000 ரூபாயைக் கட்டிவிட்டேன்.

'நேரடி வகுப்பு' இரவு பதினொன்றரைக்கு. ஜூன் மாதப் புழுக்கத்தில் மொட்டை மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறேன், திரையில் பேராசிரியர் "கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் இதுதான் கடைசி வகுப்பு" என்கிறார். பழைய வீடியோ! கேள்வி கேட்டால் மறுநாள் மெயிலில் பதில் வரும், அதுவும் ஏஜென்சி முகவரியிலிருந்து.

பாடக்குறிப்பு அதைவிட மோசம். 'அபியூஸ்' (தவறான பயன்பாடு) தனி, 'டிபெண்டன்ஸ்' (சார்ந்திருத்தல்) தனி என்றே போட்டிருந்தார்கள். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடான டிஎஸ்எம்-5 வந்தபோதே அந்தப் பிரிவினை போய்விட்டது. 11 அறிகுறிகளில் எத்தனை இருக்கின்றன என்று பார்த்து லேசானது, நடுத்தரம், தீவிரம் என்று சொல்வதுதான் அதற்குப் பிறகு வந்த முறை. எங்கள் மையத்தில் போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பையனுக்கே இது தெரியும்.

சரி, அசைன்மென்டையாவது யாராவது படிப்பார்கள் என்று நம்பினேன். குடியை நிறுத்திய மூன்றாம் நாள் கை நடுங்கி, இல்லாத ஆளோடு பேசிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி, ஊர் பேர் மாற்றி, எட்டுப் பக்கம் எழுதினேன். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமின் (வைட்டமின் பி1) கொடுப்பது ஏன் என்பதற்கு மட்டும் ஒரு பக்கம். திரும்பி வந்த குறிப்பு: "ஹெராயின் பயன்படுத்துபவருக்கான மெத்தடோன் அளவை நன்றாக விளக்கியுள்ளீர்கள்." நான் ஹெராயினைப் பற்றியோ, அதற்கான சிகிச்சை மருந்தான மெத்தடோனைப் பற்றியோ ஒரு வரிகூட எழுதவில்லை. மதிப்பெண் 78.

அப்புறம்தான், பட்டம் தரும் என்று ஏஜென்சி சொன்ன வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நேராக மெயில் போட்டேன். அப்படி ஒரு படிப்பே தங்களிடம் இல்லை என்று இரண்டே நாளில் பதில் வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கைகோத்து இணைய நிறுவனங்கள் விற்கும் ஆன்லைன் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று யுஜிசி 2023 டிசம்பரிலேயே அறிவித்திருந்ததையும் பிறகுதான் பார்த்தேன். எங்கள் டாக்டரிடம் சொன்னபோது, "மனநலப் படிப்புக்கு நிம்ஹான்ஸ் பெங்களூர்லயே இருக்கு, உனக்கு எதுக்குப்பா லண்டன்?" என்று கேட்டார்.

இரண்டாம் தவணையைக் கட்டவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீதை எடுத்து யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். என்னுடையதில் பல்கலைக்கழகமும் இல்லை, கல்லூரியும் இல்லை. ஏதோ ஒரு 'மார்க்கெட்டிங் சர்வீசஸ்'.